பின்சீட்டில் உட்காராதவர்கள்

காசு வாங்காமல் செய்துகொடுத்த வேலையைக் குறை சொல்லக் கூடாதாம். காலையிலிருந்து ஆளாளுக்கு இதையே சொல்லிவிட்டார்கள். கடைசியாகச் சொன்னவர் சௌந்திரத்தின் கணவர் நாச்சிமுத்து. அப்போது அவள் வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓசியில குடுத்தா வெசத்தையும் நல்லாருக்குதுன்னு சொல்லோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள்.

நாச்சிமுத்து மாட்டுப் பக்கம் நகர்ந்தார். மல்லசமுத்திரத்துக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இத்தனை வருடம் அவளோடு குடும்பம் நடத்துகிறவர். அவளுடைய எந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வேன் எண்பத்தெட்டாம் வருட மாடல். மூக்கில்லாத தட்டை முகம், இரண்டு வட்ட விளக்கு, காப்பித்தூள் நிறம். பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து, இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, நல்ல விலையும் சொன்னார். "உங்க ஊட்டு ஷெட்டுல நிறுத்தி வெச்சு அழகு பாக்கறதுக்கு வேற வண்டி பாருங்க. இது ஓடற வண்டி," என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள் சௌந்திரம்.

ஊரில் எல்லோரும் அதை 'நாச்சிமுத்து வேன்' என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாங்கியவர் நாச்சிமுத்துதான், அதை அவள் மறுக்கவில்லை. கல்யாணமான புதிதில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றலாம் என்று வாங்கினார். வாங்கிய வாரமே நேராகக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டு வேப்பமரத்தில் மோதினார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுஷன்தான் அரண்டுபோனார். அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகிய சௌந்திரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, மரத்திலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்து வீட்டுக்கு ஓட்டி வந்தாள். புது மருமகள் வேன் ஓட்டுவதைப் பார்க்க வழியெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மாமியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அன்று பிடித்த ஸ்டீயரிங்கை அவள் இன்றுவரை விடவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்படியும் அது நாச்சிமுத்து வேன்தான்.

இப்போது அது மில் வேன். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் இருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் திருச்செங்கோட்டுப் பக்கத்து மில்லில் விட வேண்டும், பொழுதோடு அவர்களை ஊர் சேர்க்க வேண்டும். வழியில் ஓர் ஏரிக்கரை வரும். கரைமேல் போகிற ரோடு மதகுக்குப் பக்கத்தில் சட்டென்று வளையும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், கீழே வயல். அந்த வளைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சென்ற மழைக்காலத்தில் இருந்தே வேன் வளைவில் சாய ஆரம்பித்திருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்து, அடுக்கடுக்காகக் கிடந்து பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டைகள் உழைத்து உழைத்துத் தட்டையாகிவிட்டன. ஷாக்அப்சர் இரண்டும் எண்ணெயைக் கக்கிவிட்டு ஓய்ந்துபோயின. மதகு வளைவில் திருப்பினால் வண்டி ஒருபக்கமாகப் படுத்து, மனசே இல்லாமல் நிமிரும். பின்னால் இருக்கிற பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து, முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

சேலம் அம்மாபேட்டையில் மாரியப்பன் என்று ஒருவர் பட்டை வேலை மட்டுமே செய்கிறார் என்று கேள்விப்பட்டு, சௌந்திரம் போன் போட்டுப் பேசினாள். "பட்டையக் காய்ச்சி மறுபடியும் வளைவு வெக்கலாம்மா. தேஞ்ச ரப்பர் புஷ்ஷெல்லாம் மாத்தணும், ஷாக்அப்சர் புதுசு போடணும். ரெண்டு சக்கரத்தையும் சேத்துக் குறுக்கால ஒரு கம்பி போட்டா வளைவுல சாயாது," என்றார் அவர். கேட்டதும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் கொண்டு வருகிறேன் என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

விட்டார்களா? நாச்சிமுத்துவின் தம்பி ஜெகதீஸ்வரன் திருச்செங்கோட்டு ரோட்டில் பெரிய பட்டறை வைத்திருக்கிறான். கூடப்பிறந்தவன் பட்டறை இருக்கும்போது அம்மாபேட்டைக்கு வண்டியைக் கொண்டுபோனால் அவன் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமமாம். நாளைக்கு நல்லது கெட்டதுக்கு அவன் வாசல் மிதிக்க மாட்டானாம். நாச்சிமுத்துவே சொன்னார், அக்கம்பக்கத்துப் பங்காளிகளும் சொன்னார்கள். சரி போகட்டும் என்று வண்டியை அங்கே கொண்டுபோனாள். அந்த ஒரு 'சரி'க்காகத் தன்னைத்தானே இன்னும் அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வாங்கண்ணா, வாங்க நங்கையா," என்று எழுந்து நின்றான் ஜெகதீஸ்வரன். அண்ணியை அந்தப் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதையான சொல். ஆனால் அவன் கொடுத்த மரியாதை அந்தச் சொல்லோடு தீர்ந்துவிட்டது.

"வளைவுல சாயுது தம்பி. பின்னால இருக்கறவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் உழுகறாங்க," என்றாள் சௌந்திரம்.

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "ஏனுங்கண்ணா, ஆளு எத்தன ஏறும்?"

அந்த வேனில் ஒருநாள்கூட மில்லுக்குப் போயிராத நாச்சிமுத்து, எல்லாம் தெரிந்தவர்போலத் தாடையைத் தடவினார். "அளவுக்கு எச்சாத்தான் ஏறுதுடா," என்றார்.

"அதான பாத்தேன். லோடு தாங்கலீங்க. ரெண்டு பட்டை எச்சு ஏத்திப்போட்டாச் சரியாப் போயிரும்."

"லோடு இல்லீங்க தம்பி, வளைவுன்னு சொல்றேன். குறுக்கால ஒரு கம்பி போடோணுமாமா."

"நீங்க நெழல்ல உக்காருங்க நங்கையா, நான் பாத்துக்கறேன்."

திருச்செங்கோட்டைச் சுற்றிக் போர்வெல் போடுகிற ரிக் லாரிகள்தான் உலகம். இரும்பும் குழாயுமாக மலைபோல் பாரத்தைச் சுமந்துகொண்டு வடநாடு வரைக்கும் போகிற லாரிகளுக்குப் பட்டை ஏற்றியே ஜெகதீஸ்வரன் பெயர் வாங்கியவன். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சலோ கால்வலியோ, எல்லோருக்கும் ஒரே ஊசி போடுகிற டாக்டர் போல, அவனிடம் எந்த வண்டி வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான். பட்டையை ஏற்று. வண்டி என்றால் அது பாரம் சுமக்கிற வண்டி. அதற்குள் மனுஷர் உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவன் நினைப்பிலேயே இல்லை.

வாரக் கடைசியில், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு வேனைக் கொடுத்தான். பின்பக்கம் ஒரு சாண் உயர்ந்திருந்தது. லாரிப் பட்டை இரண்டு கூடுதலாக ஏறியிருந்தது. சாவியை அண்ணன் கையில் கொடுத்தான். காசு வேண்டாம் என்று பெரிய மனசோடு கையை ஆட்டினான். நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலை போட்ட வண்டியை மெதுவாக ஓட்டிவந்ததில் அன்று ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை மதகு வளைவில் அந்தப் பெருமையின் லட்சணம் தெரிந்தது. வளைவின் நடுவில் ரோடு பெயர்ந்து சிறுசிறு குழியாகக் கிடக்கும். முன்பு வண்டி சாய்ந்துகொண்டாவது அந்தக் குழிகளில் இறங்கி ஏறும். இப்போது பின்சக்கரம் இரண்டும் குழியில் இறங்காமல் துள்ளின. துள்ளிய வேகத்தில் வண்டியின் பின்பாகம் பள்ளத்துப் பக்கமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சௌந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, எப்படியோ பிடித்து நிறுத்தினாள். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால், கடைசி சீட்டில் இருந்த மஞ்சுளா இரண்டு சீட்டுக்கு நடுவே விழுந்து கிடந்தாள். அவளுக்கு ஐந்து மாதம். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்து, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்கிறவரைக்கும் சௌந்திரத்துக்கு உயிர் உயிராக இல்லை. மறுநாள் காலை ஏரிக்கரை தொடங்குகிற இடத்தில் மஞ்சுளா எழுந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான் எறங்கி நடந்து வாரேன். கரை தாண்டி ஏறிக்கறேன்."

அவளைத் தனியாக விட மனமில்லாமல் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். வாரம் முடிவதற்குள் எல்லோரும் இறங்கினார்கள். சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனில் வரவேண்டிய பெண்கள் கரையோரமாக நடக்க, காலி வேன் அவர்களுக்குப் பின்னால் ஊர்ந்துபோனது. எதிரே டிவிஎஸ்ஸில் வந்த ஒருவன் வண்டியை நிறுத்திச் சிரித்தான். "ஏனுங்க, நாச்சிமுத்து வேனுக்கு முன்னால நடந்து வழி காட்டறீங்களா?" என்றான். சௌந்திரம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம்.

மில் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாதத்துக்குள் வண்டி சரியாகாவிட்டால் வேறு வேன் ஏற்பாடு செய்துவிடுவோம் என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டில் நாச்சிமுத்து அதை நல்ல சேதி போலக் கேட்டுக்கொண்டார். "விட்டுத்தள்ளு சௌந்திரா. இந்த வயசுல உனக்கெதுக்கு? கோயமுத்தூர்க்காரருக்கே குடுத்துரலாம்," என்றார். வேன் நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும், டிவி பார்ப்பதும், இவர் தாடையைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும்தான் பாக்கி.

அன்றே பட்டறைக்குப் போனாள். ஜெகதீஸ்வரன் ஒரு ரிக் லாரிக்கு அடியில் இருந்து தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டான்.

"புதுப் பட்டை பழகோணுமுங்க நங்கையா. ரெண்டு மூட்ட மணலப் பின்னால போட்டு ஓட்டுங்க, அமுங்கிக்கும்."

"ஆளு உக்கார்ற எடத்துல மணலா?"

"ரிக்கு வண்டிக்கெல்லாம் அப்படித்தானுங்க பண்றோம்," என்றுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அங்கேயே நின்றால் லாரியை ஏதாவது செய்துவிடுவோம் என்று தோன்றி, அவள் வெளியே வந்தாள். அங்கே பட்டை அடிக்கிற காத்தான் டீ குடித்துக்கொண்டிருந்தான். "இதை ஓட்டிப் பாத்தீங்களா இல்லையா?" என்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தமுங்க. நானும் அண்ணனும் ரொம்ப தூரம் போயிட்டு வந்தமுங்க. அருமையா இருந்துதுங்க."

"எங்க உக்காந்து பாத்தீங்க?"

"முன்னாலதானுங்க."

"பின்னால உக்காந்து பாக்கறதில்லையா?"

காத்தான் டீ டம்ளரைக் கீழே வைத்தான். கேள்வியே அவனுக்குப் புதிதாக இருந்தது. "ரிக்கு வண்டியில பின்னால ஏதுங்க சீட்டு?" என்றான்.

வீடு வந்து சேரும்வரை அந்தப் பதில் அவள் காதிலேயே இருந்தது. முன்சீட்டுக்கும் பின்பட்டைக்கும் எவ்வளவு தூரம். முன்னால் உட்கார்கிறவனுக்கு எதுவும் தெரியாது. வண்டி செய்கிறவன், வாங்குகிறவன், விலை பேசுகிறவன், புத்தி சொல்கிறவன், அத்தனை பேரும் முன்சீட்டுக்காரர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூட்டம். சௌந்திரம் நாச்சிமுத்துவை முன்சீட்டில் உட்காரவைத்து, நேரே கொழுந்தன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். ஜெகதீஸ்வரன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு காருக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"எதுக்குங்க தம்பி ரெண்டு வண்டி? நீங்க பாத்துக் குடுத்த வண்டி இருக்குது, இதுலயே போயிரலாம்," என்றாள்.

மாட்டேன் என்று அவனால் சொல்ல முடியுமா? முன்கதவைத் திறந்தான். உள்ளே அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூத்தவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. நாச்சிமுத்துவும் நகர்கிற மாதிரி தெரியவில்லை. ஜெகதீஸ்வரன் பின்னால் போய் ஏறினான். நடுவில் இருந்த சீட்டுகளில் எல்லாம் கோயிலுக்குக் கொண்டுபோகிற பாத்திரங்களைச் சௌந்திரம் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். மஞ்சுளா உட்காருகிற கடைசி சீட்டு மட்டும் காலி.

அவன் உட்கார்ந்ததும் ஒரு தட்டு முட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். "ஊட்டுக்கு வாங்குனதுங்க தம்பி. கொஞ்சம் புடிச்சுக்கங்க, ஒடஞ்சுரப் போவுது."

அவள் வேகமாக ஓட்டவில்லை. இதைப் பிறகு பலரிடம் சத்தியம் செய்து சொன்னாள். தினமும் மில்லுக்குப் போகிற அதே வேகம்தான். ஊர் எல்லையில் இருந்த வேகத்தடையில் அவன் தலை கூரையில் இடித்தது. "மெதுவாங்க நங்கையா," என்றான். அடுத்த பள்ளத்தில் முட்டைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ஏரிக்கரை வந்தது. மதகு வளைவில் பின்சக்கரம் துள்ளி, வண்டியின் பின்பாகம் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தபோது, "அய்யோ" என்று அவன் வாய்விட்டுக் கத்தினான். கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முட்டையைப் பிடிக்கக் கை இல்லை.

கரை தாண்டி வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். சட்டை, வேட்டி, மீசை எல்லாம் மஞ்சள். ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோடு பத்தலீங்களா தம்பி?" என்றாள். "வயித்துப்புள்ளக்காரி தெனமும் அங்கதான் உக்காந்து வாரா. அவ மடியிலயும் மணல் மூட்ட வெக்கட்டுமா?"

"ஏ, சௌந்திரா," என்று முன்சீட்டில் இருந்து நாச்சிமுத்து அதட்டினார். அவர் சட்டை கசங்கக்கூட இல்லை. "பாவம், புதுத் துணி. முட்டைய ஏன் அவங்கிட்டக் குடுத்த?"

ஜெகதீஸ்வரன் மடியில் கிடந்த முட்டைத் தட்டைக் கீழே வைத்தான். கோயிலில் குழாயடியில் நின்று கழுவிக்கொண்டான். கேட்டவர்களிடம் முட்டை உடைந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். திரும்பும்போது வேறொருவர் காரில் ஏறிக்கொண்டான். உறவு அறுந்தது என்றே சௌந்திரம் நினைத்தாள். அறுந்தால் அறுந்துபோகட்டும், முட்டைக் காசுதான் நஷ்டம் என்றும் நினைத்தாள்.

மறுநாள் போன் வந்தது. எப்போதும் அண்ணனுக்குக் கூப்பிடுகிறவன், அவளுடைய நம்பருக்குக் கூப்பிட்டிருந்தான்.

"வண்டியக் கொண்டாங்க நங்கையா. அந்த அம்மாபேட்டக்காரரு நம்பரையும் குடுங்க."

இந்தமுறை அவள் நிழலில் போய் உட்காரவில்லை. வேனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். லாரிப் பட்டைகள் இரண்டும் கீழே இறங்கின. பழைய பட்டைகளைக் காய்ச்சி, தட்டி, மறுபடி வளைவு வைத்தார்கள். தேய்ந்துபோன புஷ் எல்லாம் மாறின. நான்கு சக்கரத்துக்கும் புது ஷாக்அப்சர். மாரியப்பனிடம் போனில் கேட்டுக் கேட்டு, பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கம்பியை ஜெகதீஸ்வரன் தன் கையாலேயே பொருத்தினான். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் காத்தான் வழக்கம்போல முன்கதவைத் திறந்தான். "பின்னால ஏறுடா," என்று அவனிடம் சொல்லி, ஜெகதீஸ்வரன் தானும் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். வண்டியைச் சௌந்திரம் ஓட்டினாள். போய்த் திரும்பும்வரை அவன் கம்பியைப் பிடிக்கவில்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வண்டியை எடுத்துப்போக நாச்சிமுத்துவும் வந்திருந்தார். சாவிக்காக அவர் கையை நீட்டினார். ஜெகதீஸ்வரன் அவரைத் தாண்டி வந்து அவளிடம் கொடுத்தான். அவளுடைய கோபத்தில் பாதி அந்த இடத்தில் இறங்கிவிட்டது. "வாரேனுங்க தம்பி," என்று நல்ல குரலிலேயே சொன்னாள்.

நாச்சிமுத்து ஏறி முன்சீட்டில் சாய்ந்துகொண்டார். ஏரிக்கரை வந்தது. தினமும் போகிற வேகத்திலேயே மதகு வளைவில் திருப்பினாள். வண்டி சாயவில்லை. குழியில் பின்சக்கரம் இறங்கி, ஏறி, ரோட்டை விடாமல் வந்தது. ஸ்டீயரிங் அவள் சொன்னதைக் கேட்டது. நாளைக்கு மஞ்சுளா இறங்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பினாள்.

நாச்சிமுத்து தாடையைத் தடவினார். "முன்னயும் இப்படித்தான இருந்துச்சு? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. இதுக்கா அத்தன ஆர்ப்பாட்டம் பண்ணி, பாவம், அவன் வேட்டியக் கெடுத்த?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, அவர் பக்கமாகச் சாய்ந்து கதவைத் திறந்துவிட்டாள்.

"எறங்குங்க."

"எதுக்கு?"

"மஞ்சுளா நடந்தாளே, அதே கரைதான். நடந்து வாங்க. வித்தியாசம் தெரியும்."

அவள் விளையாடவில்லை என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். சௌந்திரம் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தாள். கரை முடிகிற இடத்திலும் அவள் நிறுத்தவில்லை.